அவுட்பாக்ஸில் கிடந்த ராஜினாமா

எங்கள் கம்பெனியில் டிஸ்பாட்ச், அதாவது லாரியில் சரக்கு அனுப்புகிற வேலை, பார்க்கும் சோனியா, வாரத்தில் மூன்று நாளாவது வேலையை ராஜினாமா செய்துவிடுவாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடிதம் எழுதி எம்.டி.க்கு அனுப்புவாள். சாயங்கால டீ வருவதற்குள் அதை அழித்தும்விடுவாள். இது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குப் பக்கத்து மேசையில் ஸ்டோர்ஸ் கணக்கோடு மாரடிப்பவன் நான். பெயர் அன்புசெல்வன். பெயரில் இருக்கிற அன்பு எனக்குக் கிடையாது என்று கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும்.

அனுப்பிய கடிதத்தை எப்படி அழிக்க முடியும் என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வார்ப்பு இரும்பில் பம்ப் பாகங்கள் ஊற்றுகிற சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் சேர்ந்த புதிதில் இங்கே நெட் என்பது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அப்போதிருந்த மேனேஜர் ஓர் ஏற்பாடு செய்தார். கம்ப்யூட்டரில் இருந்த அவுட்லுக்கில் 'அனுப்பு' என்று அழுத்தினால் மெயில் உடனே போகாது. அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நெட் ஒழுங்காக இருக்கிற நேரம் பார்த்து இன்னொரு பட்டனை அழுத்துவோம். உள்ளே கிடப்பதெல்லாம் மொத்தமாகக் கிளம்பும். தபால்காரர் வந்து தெருமுனைப் பெட்டியைத் திறந்து அள்ளிக்கொண்டு போவது மாதிரிதான். நாங்களும் அதைப் 'பெட்டி எடுக்கிறது' என்றே சொல்வோம். பிறகு ஃபைபர் லைன் வந்தது. மேனேஜர் ரிடையர் ஆகிப் போனார். பெட்டி எடுக்கிற பழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. யாரும் மாற்றச் சொல்லவில்லை, நாங்களும் மாற்றவில்லை.

ஆக, மத்தியானம் அனுப்புகிற மெயில் சாயங்காலம் வரைக்கும் எங்கள் கையில்தான் இருக்கும். அந்த இடைவெளியில்தான் சோனியா வேலையை விட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் புதிதாக மெயில் திறக்கவே மாட்டாள். எம்.டி. கடைசியாக அனுப்பிய மெயிலைத் திறந்து, அதற்குப் பதில் எழுதுகிற மாதிரி எழுதுவாள். முகவரி தேட வேண்டாம், தலைப்பு யோசிக்க வேண்டாம் என்று ஒரு சோம்பல். அதனால் மேலே 'இன்றைய லோடு விவரம்' என்று தலைப்பு இருக்கும். உள்ளே ராஜினாமா இருக்கும். முதல் இரண்டு வரி பள்ளிக்கூட லீவ் லெட்டர் இங்கிலீஷில் மரியாதையாகப் போகும். அதற்கப்புறம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அதில் மரியாதை கொஞ்சம் குறைந்துவிடும். மற்ற மெயில்களில் எல்லாம் கீழே 'டிஸ்பாட்ச்' என்றுதான் இருக்கும். இதில் மட்டும் 'சோனியா சாம்சன்' என்று முழுப் பெயரைப் போடுவாள்.

ஒரு நாள் கேட்டேன். "பேப்பர்ல எழுதி வெச்சிட்டு அப்பால கிழிச்சிப் போட்டுட்டுப் போயேன். இன்னாத்துக்கு அனுப்பு பட்டன அமுக்குற? பயமா இல்ல?"

"அமுக்குனாத்தாண்ணே ஆறுது," என்றாள். "அமுக்கிட்டா, பெட்டி எடுக்குற வரிக்கும் நான் இந்தக் கம்பெனி ஆளே கெடையாது. அந்த நேரத்துல டிரைவரு கத்துனாகூட எனக்குக் கோவம் வர்றதில்ல. கத்திக்கோ நைனா, எனக்கின்னா வந்திச்சின்னு இருந்துடுவேன்."

உண்மைதான். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருப்பாள். அப்புறம் கேன்டீனிலிருந்து டீ கேன் உருண்டு வரும் சத்தம் கேட்டதும் அவுட்பாக்ஸைத் திறப்பாள். அழிப்பாள். திரும்பவும் டிஸ்பாட்ச் ஆகிவிடுவாள்.

அவளை வேலையை விட்டுப் போ என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்கிற நிலைமையில் அவள் வீடு இல்லை. எளாவூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. அவள் அப்பா அந்தோணி அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். சிப்காட் வந்தபோது கழனி வேலையை விட்டுவிட்டு மூட்டை தூக்க வந்தார். மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்து, கும்மிடிப்பூண்டி பஜாரில் கம்ப்யூட்டர் கிளாசுக்கும் அனுப்பினார். எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்த பெண்ணை, எழுத்து அழகாக இருக்கிறது என்று டிஸ்பாட்சில் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து அதே நாற்காலி. கல்யாணம் ஆனது அந்த நாற்காலியில், பிள்ளை பெற்று வந்ததும் அந்த நாற்காலிக்குத்தான். கணவன் சாம்சன் பக்கத்தில் ஒரு ரோலிங் மில்லில் இருந்தான். காலில் கம்பிக்கட்டு விழுந்து, இப்போது நின்று செய்கிற வேலை எதுவும் அவனால் முடியாது. உட்கார்ந்தபடியே சமைக்கிறான், துணி மடிக்கிறான், யாரிடமும் எரிந்து விழுவதில்லை. மகள் ஷைனி நர்சிங் படிக்கிறாள். மூன்று பேரும் சாப்பிடுவது, படிப்பது, மருந்து வாங்குவது எல்லாம் சோனியாவின் இந்த ஒரு சம்பளத்தில். வேலை போனால் அந்த வீட்டில் அடுத்த மாதம் என்று ஒன்று கிடையாது.

அவள் பார்க்கிற வேலை மூன்று பேருடையது. முன்னால் அவளோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். போனவர்களுக்குப் பதில் ஆள் போடவில்லை, அவர்கள் வேலையை மட்டும் இவள் மேசைக்கு நகர்த்திவிட்டார்கள். லாரி வரவில்லை என்றால் சோனியா, வந்த லாரி நின்றால் சோனியா, எடை குறைந்தால் சோனியா. எம்.டி. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "டிஸ்பாட்ச், உள்ள வாம்மா" என்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். சாம்சனுக்கு அடிபட்ட அன்றைக்கு, அது வேறு கம்பெனி விபத்து என்று பார்க்காமல், தன் காரைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர். அதுதான் சோனியாவுக்குக் கஷ்டம். முகத்துக்கு நேரே எதையும் சொல்ல முடியாமல் போனது அந்தக் காரால்தான்.

போன வருஷம் மழைக்கு முன்னால், மெயிலை மாற்றப்போகிறோம் என்றார்கள். பழைய கம்ப்யூட்டர்கள் தாங்கவில்லையாம். இனி எல்லாம் பிரவுசரில் திறக்கிற புது மெயில்தானாம். சென்னையிலிருந்து ராபின் என்று ஒரு பையன், கழுத்தில் அட்டையும் முதுகில் பையுமாக வந்தான். நல்ல பையன், பேச்சுதான் ரயில் வேகம். எல்லோரையும் கான்ஃபரன்ஸ் ரூமில் உட்காரவைத்து அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டான். எம்.டி.யும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்க போன்லயும் போட்டுடுறேன் சார். மெயில் வந்தா கீழ ரெடிமேடா மூணு பதில் காட்டும். 'பார்க்கிறேன்', 'சரி', 'நோட்டட், தேங்க்ஸ்'. எது வேணுமோ தொட்டா போதும், போயிடும்."

எம்.டி. முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். "இதுதாம்பா எனக்கு வேணும். ஒரு நாளைக்கு எத்தனை மெயிலுக்குப் பதில் போடுறது? கையே ஓஞ்சிபோச்சு," என்றார். அவருக்கும் பாங்க்காரன், கரண்ட் பில், கஸ்டமர் என்று நாலு பக்கமும் இடி. சோர்வு என்பது சோனியாவின் சொந்தச் சொத்து ஒன்றுமில்லை.

சோனியா கை தூக்கினாள். "தம்பி, இதுல பெட்டி எங்க கீது?"

ராபினுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன், "அவுட்பாக்ஸக் கேக்குதுப்பா."

"அதெல்லாம் நீங்க பாக்கவே வேணாம்க்கா. எல்லாம் தானா போயிடும்," என்றான் ராபின்.

அதே நேரம் அவள் போன் அடித்தது. ஊத்துக்கோட்டை வழியாகப் போன லாரிக்கு டயர் வெடித்துவிட்டது. அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். 'தானா போயிடும்' என்ற சொல் அவள் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. ஒருவேளை இறங்கியிருந்தாலும், பெட்டி இல்லாத மெயில் ஒன்று இருக்க முடியும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். எனக்கே நம்பிக்கை இல்லை.

அந்த வாரம் முழுக்க அவளுக்குப் பேஜாருதான். பழைய மெயிலில் கண்ணை மூடிக்கொண்டு செய்ததெல்லாம் புதிதில் வேறு இடத்தில் இருந்தது. தனித்தனியாக வரிசையில் நின்ற மெயில்களை இது ஒன்றன் கீழ் ஒன்றாகச் சுருட்டி வைத்துக்கொண்டது. ஒரே தலைப்பில் வந்ததெல்லாம் ஒரே மூட்டை. பெயர் இருந்த இடத்தில் வட்டத்துக்குள் ஒரு 'டி' நின்றது.

"இது யாருண்ணே, டி?"

"நீதான். டிஸ்பாட்ச்ல முதல் எழுத்து."

"மிச்சம் இருந்த பேரையும் முழுங்கிட்டானா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதைவிடக் கொடுமை, போனில் ஏற்றிவிட்டது. பழைய மெயில் ஆபீஸ் வாசலோடு நின்றுகொள்ளும். புதுசு அவளோடு ஷேர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்கே வந்தது. சோறு பிசையும்போது டிங் என்கிறதாம். சாம்சன் ஒரு நாள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கிவிட்டானாம். இவ்வளவு அவஸ்தையிலும் அந்த வாரம் அவள் ராஜினாமா எழுதவே இல்லை. எனக்கென்னவோ அது நல்லதாகப் படவில்லை. வழக்கமாக வெளியே போகிறது உள்ளேயே தங்கிவிட்டதே என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு, அவள் அண்ணன் ஜோஷ்வாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். சோனியாதான் ஞானத்தாய். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த குழந்தை. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மெழுகுவர்த்தி எல்லாம் அவள் வாங்கி வைத்திருந்தாள். வாரம் முழுக்க எங்களுக்கு அந்தத் தொப்பியின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் எம்.டி.யிடமிருந்து மெயில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று லோடு ஆந்திரா போகிறது, டிஸ்பாட்ச் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

சோனியா அதைப் படித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த மெயிலையே திறந்து பதில் எழுத ஆரம்பித்தாள். கீபோர்டு சத்தம் எனக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மரியாதை வரிகள் இரண்டு முடிந்து விஷயத்துக்கு வந்திருந்தாள்.

'நாளைக்கு எங்க ஊட்டுல ஞானஸ்நானம். நான்தான் கொழந்தயக் கையில ஏந்தணும். வரமுடியுமான்னு நீங்க கேக்கல. வான்னு சொல்லிட்டீங்க. இத்தினி வருஷத்துல ஒரு தடவ கேட்டிருந்தா நான் சந்தோசமா வந்திருப்பேன். எனக்கு முடியல சார். என்ன விட்டுடுங்க. இன்னியோட நின்னுக்கறேன். சோனியா சாம்சன்.'

அனுப்பு பட்டனை அழுத்தினாள். வலது கையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதே நொடி போன் அடித்தது. எளாவூர் செக்போஸ்ட்டில் எங்கள் லாரியை நிறுத்திவைத்திருந்தார்கள். பில்லில் வண்டி நம்பர் ஓர் எழுத்து தப்பாம். டிரைவர் கத்தினான். சோனியா சிரித்துக்கொண்டே, "இருப்பா, இதோ மாத்தி அனுப்புறேன், அவசரப்படாத," என்றாள். அந்த நேரத்து சோனியா அவள். கம்பெனி ஆளே கிடையாது. திரையின் கீழே கறுப்பாக ஒரு பட்டை வந்து, திரும்ப எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டு மறைந்திருக்கிறது. அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

பில்லைத் திருத்தி அனுப்பி, லாரி நகர்ந்து, டீ கேன் சத்தம் கேட்டபோது அவள் அவுட்பாக்ஸைத் தேடினாள். இடது பக்கம் மேலிருந்து கீழாகத் தேடினாள். திரும்பக் கீழிருந்து மேலாகத் தேடினாள்.

"அண்ணே, பெட்டியக் காணோம்," என்றாள்.

நான் என் போனை எடுத்தேன். ராபினுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டினேன்.

"'சென்ட்'னு ஒண்ணு இருக்கா அக்கா? அதுல இருந்தா போயிடுச்சு. அமுக்குன உடனே போயிடும். கொஞ்ச நேரம் 'அன்டூ'ன்னு காட்டும், அதுல தொட்டா நின்னுடும். அதத் தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. ஏன், தப்பான ஃபைல் போயிடுச்சா?"

"ஆமா தம்பி," என்றாள் சோனியா. "தப்பான ஃபைலு."

என் போனை அவள் திருப்பிக் கொடுப்பதற்குள் அவளுடைய போன் டிங் என்றது. எம்.டி. பதில் போட்டிருந்தார். 'நோட்டட், தேங்க்ஸ்.'

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. இருந்துவிடு என்று சொல்லவில்லை. குறித்துக்கொண்டாராம், நன்றியாம். சோனியா அதை வாசித்துவிட்டு மேசைமேல் போனைக் கவிழ்த்து வைத்தாள். டீயை யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆடை கட்டியது.

எம்.டி. அன்று சென்னையில் இருந்தார். அவருக்கு போன் போடச் சொன்னேன். "போட்டு இன்னா சொல்றது? எழுதுனது நான்தானே," என்றாள். நான் போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.  சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். எனக்கு பைபாஸில் இறங்கி ஊத்துக்கோட்டை பஸ் பிடிக்க வேண்டும். ஹைவேயில் லாரிகள் வாலும் தலையுமாக நின்றுகொண்டிருந்தன. ஆட்டோவுக்குள் எட்டு பேர். அவள் என் காதோரம் மெதுவாகப் பேசினாள்.

"ஊட்டுல சொல்ல மாட்டேண்ணே. ஷைனிக்குப் பரிச்ச நேரம். அவருக்குத் தெரிஞ்சா காலப் பாத்துக்கினே உக்காந்திருப்பாரு. அத என்னால பாக்க முடியாது."

"நாளைக்கு ஞானஸ்நானத்துக்குப் போ. வேலதான் போச்சே, லோடு இன்னாத்துக்கு?" என்றேன். கோபத்தில் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் கூறு கெட்டுத்தான் பேசுவேன்.

"இல்லண்ணே. நாளைக்கு வந்து மூணு லோடும் ஒழுங்கா அனுப்பிட்டா, மனசு மாறினாலும் மாறுவாரு."

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். பட்டுப்புடவையோடு நேரே கோயிலுக்குப் போய், முதல் பாட்டு முடிவதற்குள் அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டாள். குழந்தையை ஜோஷ்வாவின் மச்சினி ஏந்திக்கொண்டாளாம். தொப்பி பெரியதாகப்போய்க் கண்ணை மறைத்துவிட்டதாம். இதை எனக்கு அப்புறம் சொன்னாள். அன்றைக்கு ஸ்டோர்ஸில் எனக்கு வேலை இல்லை, நான் போகவில்லை. மூன்று லோடையும் அனுப்பிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எம்.டி.க்கு விவரம் எழுதியிருக்கிறாள். அதே மெயிலுக்குப் பதிலாகத்தான். மூன்றுக்கும் 'நோட்டட், தேங்க்ஸ்' வந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் எம்.டி. கார் உள்ளே வந்தது. சோனியா எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் விசாரணைக்கு உட்கார்ந்திருப்பவள் மாதிரி அவள் முகம் செத்துப்போயிருந்தது. தனியே அனுப்ப எனக்கு மனசில்லை. கையெழுத்து வாங்குகிற சாக்கில், ஸ்டோர்ஸுக்குச் சாமான் கேட்டு எழுதுகிற இண்டென்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

எம்.டி. யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி எங்களை நிற்கச் சொன்னார். போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அவரும் தூங்கி எழுந்த முகமாக இல்லை.

"சொல்லும்மா டிஸ்பாட்ச்."

"சார், சனிக்கெழம நான் ஒரு மெயிலு..." என்று ஆரம்பித்தாள். "அது தெரியாம... நீங்க மனசுல வெச்சிக்காம..."

"எந்த மெயில்?" போனை எடுத்துத் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமையின் மூன்று மெயிலும் ஒரே மூட்டையாக மேலே வந்து நிற்கும். இவள் கடிதம் அதற்கு அடியில் சுருண்டு கிடக்கும். "சண்டே லோடு மெயில்தானே? மூணும் போயிடுச்சில்ல? பாத்து ரிப்ளை போட்டேனே. வேற இன்னா? அர்ஜென்ட்டா ஏதாவதா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் படிக்கவே இல்லை. லோடு விவரம் என்று தலைப்பைப் பார்த்தார், கீழே இருந்த ரெடிமேட் பதிலைத் தொட்டார். காரிலோ, சாப்பாட்டு மேசையிலோ, எங்கேயோ. எனக்குச் சிரிப்பு முட்டியது. பிழைத்தோம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. சோனியாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் நான் நினைத்த சந்தோஷம் இல்லை. அவள் எம்.டி.யின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்," என்றாள். "அர்ஜென்ட்டு ஒண்ணும் இல்ல."

"குட். இந்த சண்டேயும் ஒரு லோடு இருக்கும் போல. வந்துடும்மா."

"சரி சார்."

நான் நீட்டிய இண்டென்டில் அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவளை இழுத்துக்கொண்டு தண்ணீர் கேன் பக்கம் போனேன். "அப்பாடா! கர்த்தர் காப்பாத்திட்டாரு. போயி மொதல்ல ஒரு டீ குடி," என்றேன். நான் கர்த்தரைக் கும்பிடுகிறவன் இல்லை. அவளுக்காகச் சொன்னேன்.

அவள் டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். குடிக்கவில்லை. "இத்தினி வருஷமா அது போயிடக்கூடாதுன்னு பயந்து பயந்து அழிச்சேண்ணே," என்றாள். "போயிட்டா இன்னாவோ நடக்கும்னு இருந்தேன். திட்டுவாரு, இல்ல கூப்ட்டு ஏம்மான்னு கேப்பாரு, இல்ல போயித் தொலன்னுவாரு. ஏதோ ஒண்ணு." டம்ளர் நிரம்பி வழிந்தது. நான்தான் குழாயை மூடினேன். "போச்சி. ஒண்ணுமே நடக்கலண்ணே."

அப்போதுதான் அழுதாள். வேலை போய்விட்டது என்று நினைத்த இரண்டு நாளும் அழாதவள், வேலை போகவில்லை என்று தெரிந்து அழுதாள். ஃபர்னஸ் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பையன்கள் பாட்டிலில் தண்ணீர் பிடிக்காமலே திரும்பிப் போனார்கள். எனக்கு எம்.டி. மேல் வந்த ஆத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. எந்த மெயிலைத்தான் அந்த மனிதர் படிக்கிறார்? நான் அனுப்பிய ஸ்டாக் கணக்குக்கும் அதே பதில்தான் வந்திருக்கிறது. அதைப் பார்த்து, கணக்கு பிடித்திருக்கிறது போல என்று நானும் தலைகால் புரியாமல் இருந்திருக்கிறேன்.

அடுத்த முறை ராபின் வந்தபோது அவளுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தான். மெயிலை அனுப்பச் சொல்லி, சாயங்காலம் இத்தனை மணிக்குப் போ என்று நேரம் வைத்துவிடலாமாம். அதுவரைக்கும் ஓர் ஓரத்தில் காத்திருக்குமாம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாமாம். நான் கேட்டுத்தான் அவன் சொன்னான். அவளுடைய பெட்டி அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். சோனியா கவனமாகக் கேட்டாள். "நல்லா கீது தம்பி," என்றாள். அதைத் தொடவே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இப்போதெல்லாம் அவள் எதுவும் எழுதுவதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டிரைவர் கத்தினால் திரும்பக் கத்துகிறாள்.

ஆனால் அந்தக் கடிதம் எங்கேயும் போகவில்லை. எம்.டி.யின் மெயிலில், ஞாயிற்றுக்கிழமை லோடு மூட்டைக்கு அடியில் அது இன்றைக்கும் கிடக்கிறது. கணக்குத் தகராறு என்று எதையாவது தேடப்போனால் ஒரு நாள் விரலில் தட்டுப்படும். முதல் மாதம் அதை நினைத்து அவளுக்குத் தூக்கம் இல்லை. அவர் அறைக்குக் கூப்பிட்டால் போவாள். வெளியே வந்து என்னைப் பார்த்து, இன்னும் படிக்கவில்லை என்று தலையாட்டுவாள். எனக்கும் மூச்சு வரும்.

போன வெள்ளிக்கிழமை எம்.டி. இன்டர்காமில் கூப்பிட்டார். "டிஸ்பாட்ச், கொஞ்சம் உள்ள வாம்மா." குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. சோனியா எழுந்தாள். நாலடி போனவள் திரும்பி என் மேசைக்கு வந்தாள்.

"படிச்சிருப்பாருன்றீங்களாண்ணே?" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் பயம் இல்லை. பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிற பிள்ளையின் முகமாக இருந்தது. படித்திருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள் என்பது எனக்கு உறைத்தது. போனால் அந்த வீடே விழுந்துவிடுகிற வேலை அது. இருந்தும் ஆசைப்பட்டாள். ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

"போயிட்டு வாம்மா," என்று மட்டும் சொன்னேன்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள்.  இந்த முறை அவள் தலையாட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"எளாவூர் செக்போஸ்ட்ல நம்ம வண்டி நிக்குதாம்ணே, அதுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு டிரைவரின் நம்பரைத் தேடினாள்.